ஆஸ்ட்ரசிசம்: ஓட்டில் எழுதிய கோபம்

பாண்டி ஆடியவர்களுக்கு ஓட்டாஞ்சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த பானையிலோ கூரை ஓட்டிலோ ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைத் தரையில் தேய்த்து, கட்டத்துக்குள் எறிவோம். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ்காரர்கள் அதே மாதிரிச் சில்லை வைத்து ஆளையே ஊரைவிட்டு எறிந்தார்கள். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்ற சொல் அந்தச் சில்லில் பிறந்தது.

கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் பானை ஓடு. ஆமையின் ஓட்டுக்கும் சிப்பியின் ஓட்டுக்கும் அதே சொல்தான். எலும்பைக் குறிக்கும் ‘ஆஸ்டியான்’ அதற்கு உறவு. எலும்பு வலுவிழக்கும் நோயை ஆஸ்டியோபொரோசிஸ் என்று மருத்துவர் சொல்லும்போது நம் காதில் விழுவது அதுவே. தமிழ் ‘ஓடு’ம் இப்படித்தான் பரந்து கிடக்கிறது: பானை ஓடு, நத்தை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடு. இதை வைத்துக்கொண்டு இரண்டு மொழிக்கும் சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம். கெட்டியான மேற்கூட்டுக்கும் உடைந்த பானைக்கும் ஒரே பெயர் வைப்பது எந்த ஊரிலும் தோன்றக்கூடியதுதான். ‘ஓட்டுத் துண்டு’ என்பதில் உள்ள ஓட்டும் தேர்தலில் போடுகிற ஓட்டும் ஒன்றுபோல ஒலிப்பதும் தற்செயலே. பின்னது ஆங்கில ‘வோட்’. அதன் லத்தீன் மூலத்துக்கு நேர்த்திக்கடன் என்று பொருள் என்பது தனிக்கதை.

சரி, சில்லை வைத்து என்ன செய்தார்கள்? ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்: இந்த ஆண்டு யாரையாவது வெளியேற்ற வேண்டுமா? யாரை என்று கேள்வி இல்லை. வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால், சுமார் இரண்டு மாதம் கழித்துச் சந்தைத் திடலில் வேலி கட்டி, குலத்துக்கு ஒரு வாசல் என்று 10 வாசல் வைத்து வாக்கெடுப்பு நடக்கும். பிடிக்காதவர் பெயரைச் சில்லில் கீறிக்கொண்டு வந்து போட வேண்டும். 6,000 சில்லுகள் சேர்ந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்கிறார் தலைவர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க். ஒருவர் பெயரிலேயே 6,000 வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. மாட்டிக்கொண்டவர் 10 நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும், 10 ஆண்டு திரும்பக் கூடாது. சொத்து பறிபோகாது, குடியுரிமையும் போகாது. காரணம், இது தண்டனை இல்லை. குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, தற்காப்புப் பேச்சும் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஏதென்ஸில் மக்களாட்சிக்கு அடித்தளமிட்ட கிளைஸ்தெனீஸ் என்பார்கள். யாராவது ஒருவர் ரொம்பப் பெரிய ஆளாகி மறுபடி சர்வாதிகாரியாக உட்கார்ந்துவிடக் கூடாது என்பது நோக்கம். முதலில் பயன்பட்டது கி.மு. 487இல். நோக்கம் அறிவோடு கூடியது, மறுக்கவில்லை. ஆனால் தேர்தலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். சில்லில் பெயர் கீற அவர்மேல் எரிச்சல் இருந்தால் போதும். ‘யார் வரணும்’ என்ற கேள்வியே இல்லாமல், ‘யார் போகணும்’ என்பதை மட்டும் கேட்ட வாக்கெடுப்பு இது.

ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடீஸின் கதை இதற்குத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. கி.மு. 482இல் அவர் பெயரில் சில்லுகள் விழுந்துகொண்டிருந்தபோது, எழுதத் தெரியாத நாட்டுப்புறத்து ஆள் ஒருவர் அவரிடமே சில்லை நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரச் சொன்னாராம். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யவில்லை, எனக்கு அவரைத் தெரியவே தெரியாது, ஆனால் போகிற இடமெல்லாம் ‘நேர்மையாளர்’ என்று அவரைப் புகழ்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றாராம். அரிஸ்டைடீஸ் ஒன்றும் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். சொன்னவர் பல நூற்றாண்டு கழித்து எழுதிய புளூட்டார்க், அதனால் கதை கொஞ்சம் மெருகேறியிருக்கும்.

மெருகேறாத சாட்சிகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. ஏதென்ஸில் இதுவரை கிடைத்த சில்லுகள் 10,000க்கும் மேல்; பெரும்பகுதி கெராமெய்கோஸ் என்ற குயவர் பகுதியில் எடுத்தவை. பெயர் மட்டும் எழுதினால் போதும் என்றாலும் பலருக்குக் கை நிற்கவில்லை. காலியாஸ் என்பவரை, ஏதென்ஸுக்குப் பகையான பாரசீகத்தைச் சொல்லி, பாரசீகத்தான் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். இன்னொருவர் அவரைப் பாரசீக வில்லாளியாகப் படமே வரைந்திருக்கிறார். கிமோன் என்ற தலைவரின் பெயருள்ள ஒரு சில்லு, உன் தங்கை எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ என்கிறது. அண்ணன் தங்கை பற்றி ஊரில் ஓடிய வம்புப் பேச்சு அது. ஆட்சியைப் பற்றியோ கொள்கையைப் பற்றியோ இவற்றில் தேடினால் அதிகம் அகப்படாது.

இதைவிட என்னை யோசிக்கவைத்தது ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் கிடைத்த குவியல். சுமார் 190 சில்லுகள், எல்லாவற்றிலும் தெமிஸ்டாக்ளீஸ் என்ற தலைவரின் பெயர், ஆனால் கையெழுத்து 14 பேருடையதுதான். யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி, வருகிறவர் கையில் கொடுக்கத் தயாராக வைத்திருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோபம்கூடச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.

ஏதென்ஸ்காரர்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கி.மு. 480இல் பாரசீகப் படை வந்தபோது வெளியேற்றியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அரிஸ்டைடீஸ் அடுத்த ஆண்டு பிளாட்டியா போரில் ஏதென்ஸ் படைக்குத் தலைமை தாங்கினார். கடைசியில் முறையே கேலியானது கி.மு. 415ஐ ஒட்டி. நிசியாஸ், அல்சிபியாடீஸ் என்ற இரண்டு பெரிய தலைகளில் ஒருவர் போவார் என்று ஊரே காத்திருக்க, இருவரும் ரகசியமாகக் கைகோத்துத் தங்கள் ஆட்களை வைத்து ஹைபர்போலஸ் என்ற மூன்றாமவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சில்லைத் தொடவில்லை. ஆனால் கோபம் எங்கும் போய்விடவில்லை. கி.மு. 406இல், கடற்போரில் ஜெயித்த தளபதிகள் மூழ்கியவர்களைக் காப்பாற்றவில்லை என்று கொதித்த அதே மக்கள் மன்றம், ஊர் திரும்பிய 6 பேருக்கும் ஒட்டுமொத்தமாக மரண தண்டனை விதித்தது. பிறகு வருந்தியது. 10 ஆண்டு முடிந்து திரும்பி வரலாம் என்ற சில்லே தேவலை என்று தோன்றுகிறது.

சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரம் இந்த முறையைக் காப்பியடித்தது. அங்கே சில்லுக்குப் பதில் ஆலிவ் இலை, 10 ஆண்டுக்குப் பதில் 5. இலைக்குக் கிரேக்கத்தில் ‘பெட்டலான்’, அதனால் பெயர் ‘பெட்டலிசம்’. நம் பெயர் எப்போது இலையில் ஏறுமோ என்று பயந்து தகுதியுள்ளவர்கள் பொதுவாழ்வைவிட்டே ஒதுங்க, வாய்வீச்சுக்காரர்கள் பெருகினார்கள். சீக்கிரமே சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் டயோடோரஸ். இலை என்றதும் நமக்கு உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகம் வரும். ஆனால் அது வேறு. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) சொல்லும் முறையில் வயது, நிலம், படிப்பு, கணக்குக் காட்டிய ஒழுங்கு எல்லாம் பார்த்துத் தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட, ஒரு சிறுவன் எடுப்பான். அது குலுக்கல். கோபத்துக்கும் வேலை இல்லை, அபிமானத்துக்கும் வேலை இல்லை.

இனித் தமிழ்ச் சொல். ‘நாடுகடத்தல்’ என்று போடுகிறார்கள். அது அரசனோ நீதிமன்றமோ கொடுக்கும் தண்டனை. ‘புறக்கணிப்பு’ என்றால் பாய்காட். ‘ஊர்விலக்கு’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் அங்கே பஞ்சாயத்துப் பெரியவர்கள் குற்றம் சாட்டி முடிவுசெய்வார்கள், தள்ளிவைக்கப்பட்டவர் ஊருக்குள்ளேயே இருந்து அவமானப்படுவார். இன்றைய ஆங்கிலத்தில் பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒருவரோடு யாரும் பேசாமல் விடுவதையும் ஆஸ்ட்ரசிசம் என்கிறார்கள். அதற்கு நம்மிடம் உள்ள ‘ஒதுக்கிவைத்தல்’ போதும். ஏதென்ஸ் வாக்கெடுப்புக்கு மட்டும் ‘சில்லு விலக்கு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. ‘ஓட்டு விலக்கு’ என்றால் ஓட்டுப் போடுவதிலிருந்து விலக்கு என்று படித்துவிடுவார்கள். சிராக்யூஸுக்கு ‘இலை விலக்கு’ என்று பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. அது பானைக்கு உரியவர் தம் பெயரைப் போட்டது என்று படிக்கிறோம். கெராமெய்கோஸில் கிடைத்தவை எல்லாம் அடுத்தவர் பெயர். சில சில்லுகளில் மட்டும் ஆள் பெயரே இல்லை. ஊரைவிட்டுப் போக வேண்டியது யார் என்ற இடத்தில் ‘பசி’ என்று கீறியிருக்கிறார்கள்.