சப்போர்டிங் காஸ்ட்: துணை நடிகரா, குணச்சித்திர நடிகரா, துணைமாந்தரா?

நல்ல ஆபீஸ் காமெடி படம் ஒண்ணு பாத்துட்டு வர்றவங்ககிட்ட எப்படி இருக்குன்னு கேட்டா "ஹீரோ ஓகே, ஆனா சப்போர்டிங் காஸ்ட் செம"ன்னு சொல்றத அடிக்கடி கேக்கலாம். ஹீரோ ஹீரோயின் தவிர படத்துல வர்ற மத்த முக்கியமான ஆளுங்கதான் சப்போர்டிங் காஸ்ட், இத தமிழ்ல எழுதப் போறப்பதான் குழப்பமே வருது. நிறைய பேர் துணை நடிகர்கள்னு போட்டுட்டுப் போயிடறாங்க, ஆனா சினிமாக்காரங்க பேச்சுல துணை நடிகர்னா கூட்டத்துல ஒருத்தரா நிக்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். படம் முழுக்க மேனேஜரா வந்து கலக்கினவரையும் அதே பேர்ல சொன்னா படிக்கிறவங்களுக்கு யாரைச் சொல்றோம்னே புரியாது.

மொதல்ல சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம். சப்போர்ட் லத்தீன்லேருந்து வந்தது, சுப்னா கீழ, போர்த்தாரேன்னா சுமக்கிறது, அதாவது அடியில நின்னு தாங்கறது. காஸ்ட் ஸ்காண்டிநேவியாப் பக்கம் பேசின பழைய நோர்ஸ் மொழிச் சொல்லு, எறியறதுன்னு அர்த்தம், அப்புறம் உலோகத்த அச்சுல வார்க்கிறது, யாருக்கு எந்த வேஷம்னு பிரிச்சுக் குடுக்கறதுன்னு பொருள் விரிஞ்சுக்கிட்டே போச்சு.

சொல்லு பின்னாடி வந்தாலும் விஷயம் ரொம்பப் பழசு. கிரேக்க நாடகத்துல ஆரம்பத்துல கோரஸ்னு சொல்ற பாட்டுக் குழுவும் ஒரே ஒரு நடிகரும்தான், நாடகம் எழுதின எஸ்கிலஸ் ரெண்டாவது நடிகரக் கொண்டு வந்தாரு, அவருக்கு அப்புறம் வந்த நாடகக்காரர் சோபோகிளீஸ் மூணாவது ஆளச் சேத்தாருன்னு கிரேக்க தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் எழுதி வச்சிருக்காரு. ரெண்டாவது ஆள் வந்ததுக்கு அப்புறம்தான் மேடையில ரெண்டு பாத்திரங்க நேருக்கு நேரா நின்னு வாக்குவாதம் பண்ணவே முடிஞ்சுது. சினிமாவுல இவங்களுக்குன்னு தனியா மரியாதை வர நாளாச்சு, ஆஸ்கர்ல துணை நடிகர், நடிகை விருது 1937ல நடந்த 9வது விழாவுலதான் ஆரம்பிச்சுது, அப்பவும் முழுச் சிலை கிடையாது, பிளேக்னு சொல்ற ஒரு பலகைதான் குடுத்தாங்க, முழுச் சிலை கைக்கு வந்தது 1944 விழாவுல. தாங்கறவங்கன்னு பேர் வச்சதுனாலேயே ஒரு படி கீழ வச்சுப் பாத்தாங்களோன்னு எனக்குத் தோணும்.

தமிழ்ல இருக்கிற துணைங்கிற சொல்லுல அந்தக் கீழ்ங்கிற எண்ணமே இல்ல. துணைன்னா உதவி, கூட வர்ற ஆள், ஜோடி, இது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பழைய பொருள் அளவு. குறள்ல தினைத்துணை, பனைத்துணைன்னு வருதே, அதுல துணைன்னா தினை அளவு, பனை அளவுன்னு அர்த்தம். ஆபீஸ் காமெடிக்கு இந்த ரெண்டு பொருளும் கச்சிதமா ஒத்துப்போகுது, ஏன்னா அங்க ஹீரோ எவ்வளவு பாவம், எவ்வளவு பொறுமைசாலிங்கிறத நாம அளக்கறதே சுத்தி உக்காந்திருக்கிறவங்கள வச்சுத்தான்.

ஒரு மீட்டிங் சீன எடுத்துக்குங்க. மேனேஜர் எழுந்து "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்றாரு. வசனம் அவ்வளவுதான், அதுல தனியா சிரிக்க ஒண்ணும் இல்ல. கேமரா மெதுவா திரும்பினா, ஒருத்தர் அதையும் நோட்டுல எழுதிக்கிறாரு, பக்கத்துல இருக்கிற சீனியர் அக்கா பேனாவ மூடி கீழ வைக்கிறாங்க, போன வாரம்தான் சேர்ந்த பையன் கண்ணு கலங்கி கை தட்டறான், அக்கவுண்ட்ஸ்காரர் லீவு லெட்டர மடிச்சு திரும்ப பாக்கெட்லயே வச்சுக்கிறாரு. தியேட்டர் சிரிக்கறது இந்த நாலு மூஞ்சிக்குத்தான், அதுல ஒருத்தர் கொஞ்சம் ஓவரா பண்ணிட்டாலும் சீன் படுத்துடும்.

தொல்காப்பியம், உணர்ச்சிகள் வெளிய தெரியறதப் பத்திப் பேசற மெய்ப்பாட்டியல்ங்கிற பகுதியில சிரிப்பு பிறக்கிற எடம் நாலுன்னு சொல்லுது, எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்னா கேலி, இளமைன்னா சின்னப்பிள்ளைத்தனம், பேதைமை அறியாமை, மடன்னா சொன்னத அப்படியே நம்பிடற வெகுளித்தனம்னு எடுத்துக்கலாம். மேல சொன்ன சீன்ல கை தட்டின பையன் மடன், பேனாவ மூடின அக்கா எள்ளல். இந்த நாலையும் ஒரே ஹீரோ தலையில ஏத்தினா அவரு கோமாளியாதான் ஆவாரு. நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தாதான் அது ஆபீஸ் மாதிரி தெரியும், அதனாலதான் இந்த வகைப் படத்துக்கு துணைப் பாத்திரங்க இவ்வளவு முக்கியம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

அடுத்தது குணச்சித்திர நடிகர். கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு நாம வச்ச பேரு, ரொம்ப அழகான பேரு. கேரக்டர்ங்கிறது கிரேக்கச் சொல்லு, செதுக்கின அடையாளம், முத்திரைன்னு அர்த்தம், அங்க செதுக்கினத நாம சித்திரமா வரைஞ்சுட்டோம், குணமும் சித்திரமும் வடமொழி வழியா வந்ததுதான்னாலும் இன்னைக்கு நம்ம சொல்லாவே ஆயிடுச்சு. அரிஸ்டாட்டிலோட மாணவர் தியோபிராஸ்டஸ் 30 வகை மனுஷங்களப் பத்தி சின்னச் சின்னக் குறிப்பா எழுதி வச்சிருக்காரு, முகஸ்துதி பாடறவன், ஓயாம பேசறவன், கஞ்சன், ஜம்பம் அடிக்கிறவன்னு, படிச்சா எந்த ஆபீஸ்லயும் இருக்கிற ஆளுங்கதான். ஆனா குணச்சித்திர நடிகர்ங்கிறது ஒருத்தரோட தொழில்பேரு. ஒரு படத்துல ஹீரோ ஹீரோயின் தவிர மத்த எல்லாரையும் சேத்துச் சொல்ல அது பத்தாது.

அதுக்குத்தான் இலக்கியத் திறனாய்வுல ஏற்கனவே புழங்கிட்டிருக்கிற துணைமாந்தர்ங்கிற சொல்லு. நாவல் பத்தி எழுதறவங்க தலைமை மாந்தர், துணைமாந்தர்னுதான் பிரிப்பாங்க, அத சினிமாவுக்கும் தாராளமா எடுத்துக்கலாம். பாத்திரங்கள மட்டும் சொல்லணும்னா துணைமாந்தர், நடிச்சவங்களச் சொல்லணும்னா துணைமாந்தரா நடிச்சவங்க, ஒரு தனி ஆளப் பாராட்டணும்னா குணச்சித்திர நடிகர். ஹீரோன்னு ஒருத்தரே இல்லாம ஏழெட்டு பேரு சமமா கதையத் தூக்கிட்டுப் போற ஆபீஸ் படமா இருந்தா அது சப்போர்டிங் காஸ்ட்டே இல்ல, ஆன்சாம்பிள். பிரெஞ்சுல சேர்ந்துன்னு அர்த்தம், அதுக்கு கூட்டு நடிப்புன்னே எழுதலாம்.