ராக் அண்ட் ரோல்: ஒரு சொல் விளக்கம்

‘ராக்’ என்றதும் பாறை என்று பொருள்கொண்டு, ‘பாறையிசை’ என்று எழுதிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லைக் குறிக்கும் ‘ராக்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த வேறொரு சொல். இசையின் பெயரில் இருப்பதோ, தொட்டிலை ஆட்டுவதைக் குறித்த பழைய ஆங்கில வினை. ‘ரோல்’ என்பது உருளுதல், புரளுதல். அதன் வேர் சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருக்கிறது. இவ்விரண்டையும் முதலில் சேர்த்து வழங்கியவர்கள் கடலோடிகள். அலையில் கப்பல் ஆடுவதையும் பக்கவாட்டில் புரள்வதையும் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

கடலிலிருந்து இச்சொல் இசைக்கு வந்த வழி இரண்டாகப் பிரிகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களில், இறைவனின் அருள் இறங்கி உடல் தன்வசமிழந்து அசைவதற்கு ‘ராக்’ என்று பெயர். ஆபிரகாமின் மடியில் என் ஆன்மாவைத் தாலாட்டு என்ற பொருளில் அமைந்த பாடல், 1867-இல் அச்சான அடிமைகளின் பாடல் தொகுப்பிலேயே இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் ஏழை லாசரு போய்ச் சேர்ந்த அதே மடிதான் அது. மறுபுறம், கேளிக்கை விடுதிகளில் அதே மக்கள் பாடிய ‘ப்ளூஸ்’ என்னும் பாடல்வகையில் அதே சொல் படுக்கையறை உறவுக்கு இடக்கரடக்கலாக வழங்கியது. 1922-இல் பாடகி டிரிக்ஸி ஸ்மித் பதிவு செய்த பாட்டில் ‘ராக்’, ‘ரோல்’ இரண்டும் அந்தப் பொருளில்தான் வருகின்றன. 1942-இல் அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்ட்டின் விமரிசகர் மோரி ஒரோடெங்கர், கையில் கிதாருடன் பக்திப் பாடல் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் பாணியை ‘ராக் அண்ட் ரோல்’ என்ற அடைமொழியால் குறித்தார். கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் 1951 முதல் இதைப் பரப்பினார் என்பது எல்லோரும் சொல்வது. அவர் பரப்பியது உண்மை. ஆனால் சொல்லை ஆக்கியவர் அவர் என்று எழுதுவது தவறு.

தெய்வத்துக்கும் உடலுக்கும் பொதுவாக நின்ற இந்தச் சொல்லின் இரு பொருளையும் ஒரே ஆயுளில் வாழ்ந்து பார்த்தவர் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 1932-இல் ரிச்சர்ட் வேன் பென்னிமன் என்ற பெயரில் பிறந்தவர். அவருடைய தந்தை, தேவாலயத்தில் உதவி ஊழியராகவும் ஊரில் கொத்தனாராகவும் இருந்துகொண்டே கள்ளச் சாராயம் விற்று, இரவு விடுதியும் நடத்தியவர். 1947-இல் மேக்கன் நகர அரங்குக்குப் பாட வந்த ரொசெட்டா தார்ப், அந்தப் பையனின் குரலைக் கேட்டுத் தன் மேடையிலேயே பாடவைத்தார். பில்போர்ட் அந்த அடைமொழியை யாருக்குச் சூட்டியதோ அவரே இவரை மேடையேற்றினார் என்பதைச் சொல் வரலாறு எழுதுகிறவர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை.

1955 செப்டம்பரில், நியூ ஆர்லியன்ஸில் காசிமோ மட்டாசாவின் பதிவுக்கூடத்தில் அவருடைய ‘டூட்டி ஃப்ரூட்டி’ பாட்டு பதிவானபோது, விடுதிகளில் பாடி வந்த ஆபாச வரிகளை டாரதி லபோஸ்ட்ரி என்ற பாடலாசிரியர் மாற்றி எழுத வேண்டியிருந்தது. வரிகள் விடுதியைச் சேர்ந்தவை என்றால், குரல் கோயிலைச் சேர்ந்தது. பாட்டின் நடுவே உச்சத்துக்குத் தாவி லிட்டில் ரிச்சர்ட் எழுப்பும் ‘ஊ’ என்ற கூவல், நற்செய்திப் பாடகி மேரியன் வில்லியம்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அதே கூவல்தான்.

1957 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பயணத்தின்போது, சிட்னி வானில் செந்நெருப்புப் பந்து ஒன்று கடந்ததைக் கண்டதாகவும், அது அப்போதுதான் ஏவப்பட்டிருந்த சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் எனப் பிறகு அறிந்தும், மனந்திரும்பும்படி தனக்கு வந்த எச்சரிக்கையாகவே அதை எடுத்துக்கொண்டதாகவும் லிட்டில் ரிச்சர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விரல்களில் கிடந்த விலையுயர்ந்த மோதிரங்களைக் கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டு நாடு திரும்பி, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். 1962-இல் இங்கிலாந்து மேடையில் பக்திப் பாடல்களோடுதான் தொடங்கினார். கூட்டம் சோர்ந்து உட்கார்ந்திருக்க, உடன் வந்த பாடகர் சாம் குக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனதும், பழைய பாட்டுகளுக்கே திரும்பிவிட்டார். 1977-இல் மீண்டும் துறந்து, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து பைபிள் விற்றார். 1980-களில் மறுபடி மேடைக்கு வந்தார். 2020 மே 9 அன்று இறந்த அவருடைய உடல் ஓக்வுட் வளாகத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இனித் தமிழ்ச் சொல். ‘உருட்டிசை’ என்று ஆக்கினால், ‘உருட்டு’க்கு இன்று பேச்சில் உள்ள பொருளால் நகைப்புக்கு இடமாகும். ‘தள்ளாட்டம்’ குடித்தவனுக்கு உரியது. தொட்டில் ஆடுகிறது, தோணி ஆடுகிறது, அருள் வந்தவர் ஆடுகிறார், காசும் புகழும் வந்தவன் ஆட்டம் போடுகிறான் என்று, ஆங்கிலச் சொல் கடந்து வந்த வழி முழுவதையும் ‘ஆடு’ என்ற ஒரே வினை தமிழில் தாங்கி நிற்பதால், அதிலிருந்து ஆக்குவதே பொருத்தம். ‘ஆட்டிசை’ வேண்டாம், ஆட்டுப்பால், ஆட்டுக்கறி வரிசையில் போய் நின்றுவிடும். ‘ஆட்டப்பாட்டு’ என்பது என் பரிந்துரை. பக்திக்கும் கேளிக்கைக்கும் அது ஒருசேரப் பொருந்துகிறது, நாவிலும் எளிதாக வருகிறது.

இதோடு வரும் ‘காஸ்பல்’ என்பதற்கு ‘நற்செய்திப் பாடல்’ போதும். தமிழ்த் திருச்சபைகளில் ‘கீர்த்தனை’ என்பது இராகத்தில் அமைந்த தனி வகைக்குப் பெயராக நிலைத்துவிட்டதால் அதை இங்கே இழுக்கக் கூடாது. 1960-களில் கிளைத்த ‘ராக்’ வேறு வகை. அதை ‘ராக் இசை’ என்றே விடலாம். 1955-க்குப் பிந்தைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதும்போது முதல் இடத்தில் ‘ராக் அண்ட் ரோல் என்னும் ஆட்டப்பாட்டு’ என்று குறித்துவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரையே ஆளலாம். 1942-ஆம் ஆண்டுப் பில்போர்ட் விமரிசனத்தை மொழிபெயர்ப்பவர் மட்டும் ‘ஆட்டப்பாட்டு’ என்று எழுதக் கூடாது. அப்போது அப்படி ஓர் இசைவகை இல்லை. ‘கேட்பவரை ஆடவைக்கும் பக்திப் பாட்டு’ என்று அங்கே விரித்து எழுதுவதே சரி.