காலேஜ் பரீட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம், ஸ்க்ரைப்: மாற்றுத்திறனாளி பிள்ளைங்க எப்படி கேட்டு வாங்கணும்?

திருநெல்வேலி பாளையங்கோட்டையில பார்வையற்றோர் ஸ்கூலும் காது கேளாதோர் ஸ்கூலும் நூறு வருஷத்துக்கு மேல நடக்கு. அங்க பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க அப்படியே பக்கத்து காலேஜ்ல சேருதாங்க, அம்பை, சேரன்மகாதேவி, வள்ளியூர்ப் பக்கமிருந்து சாதாரண ஸ்கூல்ல படிச்ச மாற்றுத்திறனாளி பிள்ளைங்களும் வாராங்க. ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரே ஸ்க்ரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல பரீட்சை எழுதிக் குடுக்கிறவர்) ஏற்பாடு எல்லாம் பாத்து முடிச்சிருவாரு, ஆனா காலேஜ்ல அப்படி யாரும் தேடி வந்து கேக்க மாட்டாங்க, நாமதான் எழுதிக் குடுத்து வாங்கணும், இது தெரியாமலேயே மொத செமஸ்டர்ல அரியர் வைக்கிற பிள்ளைங்க இருக்காங்க. அதுக்குத்தான் இதை எழுதுதேன்.

முதல்ல சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல்ல. இதுல 21 வகை குறைபாடு இருக்கு. கண்ணு, காது, கை கால் மட்டும்னு நினைச்சுக்கிடாதீங்க, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், தசைச்சிதைவு, ஹீமோபீலியா எல்லாமே உள்ள வருது. சான்றுல குறைபாடு 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனச் சேர்க்கையில 5 சதவீத இடஒதுக்கீடு, வயசு வரம்புல 5 வருஷ தளர்வு. இதுபோக அவங்கவங்க தேவைக்குத் தக்க நியாயமான வசதியை செஞ்சு குடுக்க மறுத்தா அதையே பாகுபாடுன்னு சட்டம் சொல்லுது. அதனால "சார் கொஞ்சம் பாத்து பண்ணுங்க"ன்னு கெஞ்ச வேண்டியதே இல்ல.

பரீட்சைக்கு 2018 ஆகஸ்ட்ல மத்திய அரசு போட்ட வழிகாட்டு நெறிமுறைதான் பிடிமானமா இருந்துச்சு, 2025ல புது நெறிமுறை வந்திருக்கு, அதனால உங்க பரீட்சைக்கு இப்போ எந்த விதின்னு தேர்வு அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுக்கிடுங்க. 2018 நெறிமுறை சொன்னது இதுதான். ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 20 நிமிஷம் எக்ஸ்ட்ரா, அப்போ 3 மணி நேர பேப்பருக்கு 4 மணி நேரம். காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சா மத்தவங்க 1 மணிக்கு எந்திரிச்சுப் போவாங்க, நம்ம பிள்ளை 2 மணி வரைக்கும் எழுதலாம். ஸ்க்ரைப் வேண்டாம், நானே எழுதிக்கிடுதேன், ஆனா மெதுவாத்தான் வரும்ங்கற பிள்ளைக்கும் இந்த நேரம் உண்டு. பார்வை இல்லாதவங்க, ரெண்டு கையும் பாதிச்சவங்க, பெருமூளை வாதம் உள்ளவங்க இவங்களுக்கு கேட்டா ஸ்க்ரைப் குடுக்கணும், மத்தவங்கன்னா எழுத முடியாதுன்னு அரசு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் வேணும். ஸ்க்ரைபை நாமளே கூட்டிட்டு வரலாம், ஆனா படிப்புல ஒரு படி கீழ இருக்கணும்னு 2018 நெறிமுறையில இருந்துச்சு, இதை இப்போ எப்படின்னு கேட்டுக்கிடுங்க. காலேஜே ஆள் குடுத்தா பரீட்சைக்கு 2 நாள் முன்னாடி பிள்ளை அவரைப் பாத்துப் பேச வாய்ப்பு குடுக்கணும், இதை தயவுசெஞ்சு விட்றாதீங்க, ஏன்னா தமிழ் இலக்கண பேப்பர்ல வாய்பாடு சொன்னா எழுதத் தெரியாத ஸ்க்ரைப், கெமிஸ்ட்ரில சமன்பாட்டை சொல்லச் சொல்ல முழிக்கிற ஸ்க்ரைப் கிடைச்சா ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா குடுத்தும் பத்தாது. பேப்பருக்குப் பேப்பர் வேற ஸ்க்ரைப் வச்சுக்கிடவும் அந்த நெறிமுறையில வழி இருக்கு. முடிஞ்ச வரைக்கும் தரைத்தள ரூம்னும் சொல்லியிருக்கு. ஸ்க்ரைப் வச்சு எழுதுதவங்க தனி ரூம் கேட்டு வாங்குங்க, கேள்வியை வாய்விட்டு வாசிச்சாத்தான் எழுத முடியும், ஹாலுக்குள்ள குசுகுசுன்னு பேசி எழுதவே முடியாது.

குறைபாடு 40 சதவீதத்துக்கு கீழ இருக்கு, அப்போ ஒண்ணும் கிடையாதான்னு நிறைய பேர் கேக்காங்க. உண்டு. 2021 பிப்ரவரில, சிவில் சர்வீஸ் பரீட்சை எழுத வந்த விகாஷ் குமார்ங்கறவர் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாச் சொல்லிருச்சு, எழுதும்போது கை இழுத்துப் பிடிக்கிற பிரச்சனை அவருக்கு, 40 சதவீதம் இல்லன்னு ஸ்க்ரைப் மறுத்தது தப்புன்னு தீர்ப்பு. அதுக்கப்புறம் 2022 ஆகஸ்ட்ல 40க்கு கீழ உள்ளவங்களுக்கும் தனி நெறிமுறை வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்ல "எழுதுவதில் சிரமம் உள்ளது"ன்னு வரணும், வெறும் நோய் பேர் மட்டும் இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. டாக்டர்கிட்ட அதைச் சொல்லியே கேளுங்க.

சரி, பேப்பர் வேலை. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இல்லாதவங்க ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், மருத்துவப் பரிசோதனைக்கு பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமைன்னு முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க, பாபநாசத்துல இருந்து பஸ் ஏறி வந்து நாளைக்கு வான்னு சொன்னா பாவம் அந்தப் பிள்ளை. சந்தேகம்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, தென்காசி இப்போ தனி மாவட்டம், அங்க உள்ளவங்க அந்த மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போகணும்.

கார்டு வந்துட்டா எல்லாம் தானா நடக்கும்னு மட்டும் இருந்துராதீங்க. கார்டுங்கறது சான்று, கோரிக்கை தனி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு கீழ உள்ள சாதாரண காலேஜ்னா பிரின்சிபால் வழியா அபிஷேகப்பட்டி தேர்வு அலுவலகத்துக்குப் போகணும், சேவியர்ஸ், சதக்கத்துல்லா அப்பா மாதிரி தன்னாட்சி காலேஜ்னா அந்தக் காலேஜோட தேர்வு அலுவலகமே முடிவு பண்ணும். செமஸ்டர் தொடங்கின மொத மாசத்துலயே குடுங்க, ஹால் டிக்கெட் வந்தப்புறம் போய் நின்னா "இப்ப என்னப்பா பண்ண முடியும்"னுதான் பதில் வரும். லெட்டர் பெருசா வேண்டாம், இப்படிப் போதும்:

"ஐயா, நான் பி.ஏ. தமிழ் முதலாம் ஆண்டு மாணவி. எனக்கு பார்வைக் குறைபாடு உள்ளது, சான்று இணைத்துள்ளேன். உள்மதிப்பீட்டுத் தேர்வு, செமஸ்டர் தேர்வு இரண்டுக்கும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், தரைத்தளத்தில் தனி அறை வேண்டும். வகுப்பில் காட்டும் பாடக்குறிப்புகளை முன்கூட்டியே மின்னணு வடிவில் தரவும் வேண்டுகிறேன்."

உள்மதிப்பீடுன்னு கண்டிப்பா எழுதுங்க, செமஸ்டருக்கு நேரம் குடுத்துட்டு மாச டெஸ்ட்ல விட்டுருவாங்க. ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் போட்டு தேதியோட கையெழுத்து வாங்கி வச்சுக்கிடுங்க.

அந்தக் கடைசி வரி மாதிரி கிளாஸ்ரூம் விஷயத்தையும் கேக்கலாம், யாரும் கேக்கறதில்லங்கறதுதான் எனக்கு ஆதங்கம். காது கேக்காத பிள்ளைக்கு முன்வரிசை, வாத்தியார் போர்டைப் பாத்துக்கிட்டே பேசாம பிள்ளை முகத்தைப் பாத்துப் பேசறது, வீல்சேர்ல வர்ற பையனோட கிளாஸை மாடில இருந்து கீழ மாத்தறது, லேப்ல கூட ஒரு ஆள். இதுல பாதி காசே இல்லாம நடக்கற காரியம். காலேஜ்ல சம வாய்ப்பு மையம் இருந்தா அதோட பொறுப்பு பேராசிரியரை நேர்ல பாத்துருங்க.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. கூடவே போங்க, ஆனா பேசறதை பிள்ளையைப் பேச விடுங்க அண்ணாச்சி, எது முடியும் எது முடியாதுன்னு அதுக்குத்தான் தெரியும்.

குடுத்த மனுவுக்கு பதிலே இல்லன்னா சீல் போட்ட காப்பியோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடுக்கலாம், அதுக்கு மேல சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்காரு, தபால்லயே புகார் அனுப்பலாம். பரீட்சை ஹால்லயே நேரம் முடியுமுன்ன பேப்பரைப் பிடுங்கிட்டாங்கன்னா ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னைக்கே எந்த பேப்பர், எந்த ரூம், எத்தனை மணிக்கு வாங்கினாங்கன்னு எழுதி தேர்வு அலுவலகத்துல குடுத்து அதுக்கும் ஒரு சீல் வாங்கிருங்க.