விதைநெல் வாளியில் பழைய டிவி மூடி

காவேரிப்பட்டினத்தில் எங்கள் தாத்தா விதைநெல்லை நேராக நாற்றங்காலுக்குக் கொண்டுபோக மாட்டார். வாளித் தண்ணீரில் புது கோழிமுட்டை ஒன்றைப் போட்டு, அது மேலே எழும்பி வரும்வரை கல்லுப்பைக் கரைப்பார். அதன்பின் நெல்லைக் கொட்டுவார். மிதக்கும் பதரை அள்ளி மாட்டுக்குப் போட்டுவிட்டு, மூழ்கியதை மட்டும் நன்றாகக் கழுவி விதைப்பார். பழைய கம்ப்யூட்டர், டிவி பிளாஸ்டிக்கை மறுபடி நல்ல பிளாஸ்டிக்காக்கும் ஆய்வைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, முதல் படியிலேயே அந்த வாளி எதிர்ப்பட்டது.

உலகம் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் ஏறக்குறைய 1.7 கோடி டன் பிளாஸ்டிக். செம்புக்கும் தங்கத்துக்கும் ஆள் வருகிறது. பிளாஸ்டிக் கடைசியில் நிற்கிறது. ஓசூர் சாலையில் எனக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடையில் அண்ணன் ஒருவர் உடைந்த மானிட்டர் மூடியின் ஓரத்தை லைட்டரால் கொளுத்தி, புகையை முகர்ந்து ரகம் பிரிப்பார். “வாசனையே சொல்லிடும் தம்பி” என்பார். அவர் கணிப்பு பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தப் புகைதான் என் கவலை.

பிரிண்டர், கீபோர்டு, மானிட்டர் மூடிகளில் பெரும்பகுதி ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். கடினமான பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் தூவினாற்போல் இருக்கும். கீழே விழுந்து விரிசல் கண்டால், அது ரப்பர் உருண்டைகளின் அருகே ஆயிரக்கணக்கான நுண்விரிசல்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அடுத்த உருண்டையில் முட்டி நின்றுவிடும். அடியின் வேகம் அங்கேயே செலவாகிவிடுவதால் மூடி உடைவதில்லை.

முதுமை முதலில் தாக்குவதும் இந்த ரப்பரைத்தான். அதன் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை வெயிலும் சூடும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்குகின்றன. வெயிலில் கிடந்த சைக்கிள் டியூப் விறைத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடிக்குள்ளும் அதேதான் நடக்கிறது. வெளியே மஞ்சள் பூக்கும், உள்ளே ரப்பர் இறுகும். அதை 220 டிகிரிக்கு மேல் உருக்கி மறுபடி வார்த்தால் இன்னும் நலிகிறது.

இரண்டாவது தொல்லை தீத்தடுப்பு ரசாயனம். பழைய பெட்டி டிவிகளின் முதுகு மூடியில் புரோமின் கலந்த சேர்மங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றான டெக்காபிடிஇயை, எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2017இல் ஒழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வகைச் சேர்மங்கள் புதுச் சாதனங்களில் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கின்றன நம் நாட்டு மின்கழிவு விதிகள். இவை எரியும்போது டயாக்சின் போன்ற நஞ்சுகள் உருவாகலாம். லைட்டர் பிடிக்கும் அந்த அண்ணனின் மூக்குக்கு அது தெரியாது.

இங்கேதான் வாளி வருகிறது. புது முட்டை எழும்பும் உப்புநீர், தண்ணீரைவிடச் சுமார் 8 சதவீதம் அடர்த்தி கூடியது. லிட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் உப்பு. சுத்தமான ஏபிஎஸ் தண்ணீரைவிட 4 முதல் 6 சதவீதம்தான் கனம். அதனால் தண்ணீரில் மூழ்கும், இந்த உப்புநீரில் மிதக்கும். புரோமின் கனமான அணு; அது நிறையச் சேர்ந்த மூடி உப்புநீரிலும் அடியில் போய்விடும். தாத்தாவின் கணக்கு இங்கே தலைகீழ்: விதை மிதக்கும், பதர் மூழ்கும். புரோமின் கொஞ்சமாக உள்ளவை தப்பி மிதக்கலாம் என்பதால் ஆய்வகங்களில் எக்ஸ்ரே கருவியாலும் சோதிக்கிறார்கள்.

மிதந்ததும் ஒரே ரகமல்ல. டிவி மூடிகளில் வரும் ஹிப்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அதே கனம். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியில் ரகம் காணலாம். ஆனால் கறுப்பு மூடிகளில் உள்ள கரி அந்த ஒளியை விழுங்கிவிடும். அப்போது துண்டுகளை உரசவிடுகிறார்கள். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுப்பதுபோல், ஒரு ரகம் நேர் மின்னூட்டமும் மற்றது எதிர் மின்னூட்டமும் பெற்று, மின்புலத்தில் ஆளுக்கொரு பக்கம் விலகி விழும்.

இந்த ஆய்வில் இறங்கும் முனைவர் பட்ட மாணவருக்கு உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். எவ்வளவு பிரித்தாலும் கொஞ்சம் ஹிப்ஸ் ஏபிஎஸ்ஸில் தங்கிவிடும். இரண்டும் உருகினாலும் ஒட்டாது. சேருமிடமெல்லாம் உடையும் இடம். எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் என்ன செய்கிறதோ, அதைச் செய்ய இங்கும் ஒரு பொருள் வேண்டும்: ஒரு பக்கம் ஒன்றையும், மறுபக்கம் மற்றதையும் பற்றும் நீண்ட மூலக்கூறு. அதோடு இறுகிப்போன ரப்பருக்கு ஈடாகக் கொஞ்சம் புது ரப்பரும், சூட்டில் ஆக்சிஜனைத் தடுக்கும் மருந்தும் சேர்ப்பார்கள். ரப்பர் கூடினால் மூடி வளையும், குறைந்தால் நொறுங்கும். அந்த அளவைக் கண்டுபிடிக்க வெட்டுத்தடம் இட்ட சிறு துண்டுகளை ஊசல் சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்து, உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்று குறிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள், மாதக்கணக்கில். பொறுமையான இந்த வேலை எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

போன வாரம் அந்தக் கடைக்கு ஒரு வாளியும் கல்லுப்பும் முட்டையும் கொண்டுபோனேன். தண்ணீரில் மிதந்தால் முட்டை பழசு, வேறு எடுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். உப்பு கரையக் கரைய அது மெல்ல எழும்பியது. உடைத்த மூடித் துண்டுகளைப் போட்டோம். கீபோர்டு துண்டுகள் மிதந்தன. பெட்டி டிவியின் முதுகு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணன் கையை விட்டு அதை எடுத்து, தனியாக ஒரு சாக்கில் போட்டார்.