திரித்துவம்: சொல்லுக்குள் இருப்பது மூன்று மட்டுமே

கடவுள் ஒருவரே, அவர் பிதா, மகன், ஆவியார் என மூவராயிருக்கிறார் என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டின் பெயர் திரித்துவம். ‘திரி’ என்றால் வடமொழியில் மூன்று. விளக்குத் திரிக்கும் ‘திரிதல்’ என்ற வினைக்கும் இதனோடு உறவு கிடையாது. ‘துவம்’ என்பது தன்மையைக் குறிக்கும் பின்னொட்டு. மகத்துவம், சமத்துவம் என்பவற்றில் வருவது. சேர்த்துப் பார்த்தால் திரித்துவம் என்பது ‘மூன்றாயிருக்கும் தன்மை’, அவ்வளவுதான். ‘ஒன்று’ என்ற பொருள் இச்சொல்லுக்குள் எங்கும் இல்லை.

‘திரி’யும் ‘ஏகத்துவ’மும் சேர்ந்து சுருங்கித் திரித்துவம் ஆயிற்று என்று சிலர் பிரித்துக் காட்டுவதுண்டு. அது பிழை. இலத்தீன் மூலமான ‘திரினித்தாஸ்’ என்பதையும் ‘மூன்று, ஒருமை’ என இரண்டாக உடைப்பார்கள், அதுவும் பிழைதான். ‘மும்மையான’ என்று பொருள்படும் ‘திரினுஸ்’ என்ற பெயரடையோடு தன்மை விகுதி சேர்ந்து பிறந்த சொல் அது. கிரேக்கத்தில் ‘திரியாஸ்’. அந்தியோக்கியாவின் ஆயர் தெயோபிலுஸ், கி.பி. 180ஐ ஒட்டி, கடவுள், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்ல அதைப் பயன்படுத்தினார். கார்த்தேஜைச் சேர்ந்த இறையியலர் தெர்த்துல்லியன், கி.பி. 213 அளவில், பிதாவும் மகனும் ஒரே ஆள் என்று கற்பித்த பிரக்ஸேயாஸ் என்பவரை மறுத்து எழுதிய நூலில் இலத்தீன் வடிவத்தைக் கையாண்டார். விவிலியத்தில் இந்தச் சொல் இல்லை. ஒருமையை நம்பிக்கை அறிக்கை சொன்னது. அந்த ஒருமைக்குள் இருந்த மூன்றைச் சொல்லத்தான் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது.

ஆக, சொல்லுக்குச் சொல் நேரான தமிழ் ‘மும்மை’. பெரிய புராணத்தில் ‘மும்மையால் உலகாண்ட சருக்கம்’ என்றே ஒரு பகுதி உண்டு; அவ்வளவு பழைய, பழகிய சொல். ஆனால் கோட்பாட்டின் பெயராக அதை வைத்தால், ஒருமை விடுபட்டுப்போகும் பழைய குறை அப்படியே தொடரும். சீர்திருத்தத் திருச்சபைகள் ‘திரியேகர்’, ‘திரியேக தேவன்’ என்கின்றன. இதில்தான் ‘ஏகம்’ உண்மையாகவே இருக்கிறது. கத்தோலிக்க வழக்கு ‘மூவொரு கடவுள்’. ‘மூ’வும் ‘ஒரு’வும் நடுவே வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்த அழகான தொடர் அது. அதே வழியில் கோட்பாட்டுக்கு ‘மூவொருமை’ என்றால் மூலச் சொல் சொல்லாமல் விட்டதையும் தமிழ் சொல்லிவிடுகிறது. இங்கே மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நிறைவாக அமைந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘மும்மூர்த்தி’ பொருந்தாது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலுக்கு ஒருவராகப் பிரிப்பது அந்தச் சொல்லின் அடிப்படை. கிறிஸ்தவக் கோட்பாட்டில் படைப்பும் மீட்பும் மூவருக்கும் பொதுவான செயல். மூவரையும் வேறுபடுத்துவது தொழில் அல்ல, உறவு: பிதா பிறவாதவர், மகன் பிதாவிடமிருந்து பிறப்பவர், ஆவியார் புறப்படுபவர். ஆவியார் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, மகனிடமிருந்துமா என்பதில் கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் இன்றும் ஒத்துப்போகவில்லை. சத்து (இருப்பு), சித்து (அறிவு), ஆனந்தம் (பேரின்பம்) மூன்றும் சேர்ந்த ‘சச்சிதானந்தம்’ என்ற சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். வங்காளத்தின் கத்தோலிக்கத் துறவி பிரம்மபாந்தப் உபாத்யாய் அதை மூவொரு கடவுளுக்குரிய துதியாகப் பாடினார். குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் தொடங்கிய ஆசிரமமும் அந்தப் பெயரையே தாங்கியது. தியானத்துக்கு ஏற்ற பெயர்தான். ஆனால் சத்தும் சித்தும் ஆனந்தமும் ஒருவரை ஒருவர் ‘நீர்’ என்று அழைப்பதில்லை. மகன் பிதாவை நோக்கி மன்றாடுகிறார்.

அடுத்த சிக்கல், மூன்று எது, ஒன்று எது என்பது. இலத்தீன் விடை: ஒரே ‘சுப்ஸ்தான்சியா’ (பொருள்), மூன்று ‘பெர்சோனா’ (ஆள்). கிரேக்கர்களின் விடையில் பொருளுக்கு ‘ஊசியா’, ஆளுக்கு ‘ஹிப்பொஸ்தாசிஸ்’: ஒரே ஊசியா, மூன்று ஹிப்பொஸ்தாசிஸ். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயாச் சங்கம் ஊசியாவையும் ஹிப்பொஸ்தாசிஸையும் ஒரே பொருளில் எழுதியதால் பெருங்குழப்பம் நேர்ந்தது. 362இல் அலெக்சாந்திரியாவில் கூடியவர்கள், சொல் வேறாக இருந்தாலும் கருத்து ஒன்றே என்று ஒருவரையொருவர் ஏற்றார்கள். கப்பதோக்கியாவின் பசிலும் இரண்டு கிரகோரிகளும் இரு சொற்களையும் திட்டமாகப் பிரித்து வைத்தார்கள்.

தமிழில் பெர்சோனாவுக்கு ‘ஆள்’, ‘ஆள்தத்துவம்’, ‘நபர்’ மூன்றும் வழங்குகின்றன. ‘நபர்’ அரபிலிருந்து வந்தது. ‘பேருந்தில் மூன்று நபர்கள்’ என்ற தனித்தனி உணர்வு அதோடு ஒட்டியிருக்கிறது. ‘ஆள்’ எளிமையானது, மறைக்கல்வியில் பழகியது. அதையே வைக்கலாம், தனித்தனி மூளையும் விருப்பமும் கொண்ட மூன்று பேர் அல்ல என்ற விளக்கத்தோடு.

ஊசியாவில் இன்னும் கவனம் வேண்டும். நிசேயா அறிக்கை மகனைக் குறித்துச் சொல்லும் ‘ஹொமோஊசியோஸ்’ (ஒரே ஊசியா உடையவர்) என்பதை ‘ஒரே தன்மையுடையவர்’ என்று பெயர்க்கும் வழக்கு சீர்திருத்தத் திருச்சபைகளில் உண்டு. கத்தோலிக்க அறிக்கை ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்கிறது. இரண்டு பொற்காசுகளுக்கும் ஒரே தன்மை இருக்கலாம். ஆனாலும் அவை இரண்டு காசுகள். ‘ஒத்த பொருளுடையவர்’ என்று பொருள்படும் ‘ஹொமொயூசியோஸ்’ என்ற சொல் அன்று சமரசமாக முன்வைக்கப்பட்டது. கிரேக்கத்தில் அயோத்தா என்ற ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். ‘தன்மை’ என்ற பெயர்ப்பு கேட்பவரை அந்தப் பக்கம் இழுத்துவிடக்கூடும். ‘ஒரே பொருள்’ அதைத் தடுக்கிறது.

தமிழின் சொற்களைவிடத் தமிழின் இலக்கணம் இந்தக் கோட்பாட்டுக்கு அதிகம் உதவுகிறது. யோவான் 10:30: “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.” கிரேக்கத்தில் இங்கே இருப்பது ‘ஒருவர்’ என்று பொருள்படும் ஆண்பால் ‘ஹெய்ஸ்’ அல்ல, ‘ஒன்று’ என்ற அலிப்பால் ‘ஹென்’. வினையோ பன்மை. தெர்த்துல்லியன் பிரக்ஸேயாஸை மடக்கியது இந்த இடத்தில்தான். ‘ஒருவராயிருக்கிறோம்’ என்றால் பிதாவும் மகனும் ஒரே ஆள். ‘ஒன்றாயிருக்கிறோம்’ என்றால் ஆள் இருவர், பொருள் ஒன்று. ஒன்று, ஒருவர் என்ற திணை வேறுபாடு தமிழருக்கு நாவிலேயே இருக்கிறது. உபாகமம் 6:4இன் தமிழில் ‘ஒருவரே கர்த்தர்’ என்று வருவது கடவுளைச் சுட்டும் மரியாதை வழக்கு; அங்கே எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, கடவுள்.

‘ஆவி’ தமிழில் அஃறிணை. அதனால் ‘ஆவி வந்தது’ என்று வாய் தானாகச் சொல்லும். கேட்பவருக்கு அது ஒரு ஆற்றலாகப் படும். ‘ஆவியானவர்’, ‘ஆவியார்’ என்ற வடிவங்கள் இதற்காகவே வழங்குகின்றன. கிரேக்கத்திலும் ‘புனேயுமா’ அலிப்பால்தான். இருந்தும் யோவான் 16:13இல் ஆண்பால் சுட்டு வருகிறது. ‘சத்திய ஆவியாகிய அவர்’ என்ற தமிழ்ப் பெயர்ப்பு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. மத்தேயு 28:19இல் மூவரைச் சொல்லிவிட்டு ‘நாமத்திலே’ என்று ஒருமையில் முடிவதையும் பாருங்கள். ‘நாமங்களிலே’ என்று வாசித்தால் பொருளே கெடும்.

விளக்க உவமைகளில்தான் பெரும்பாலும் வழி தவறுகிறது. நீர், பனிக்கட்டி, நீராவி என்றால் ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற சபெல்லியுஸின் கருத்துக்குப் போய்விடும். வீட்டில் தகப்பன், அலுவலகத்தில் அதிகாரி, தாய்க்கு மகன் என்ற உவமையும் அதே குழியில் விழும். முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் என்றால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு கடவுள். மூவரில் எவரும் முழுக் கடவுள் ஆகமாட்டார். சூரியனும் கதிரும் பழைய சபைத் தந்தையர் சொன்னதுதான், பிறப்பைக் காட்ட நல்லது. ஆனால் கதிர் ஓர் ஆள் அல்ல.

ஜெபத்தில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும். “பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே” என்று தொடங்கும் வாக்கியம் கூட்டங்களில் சாதாரணமாகக் கேட்கிறது. பிரக்ஸேயாஸ் ‘பிதாவைச் சிலுவையில் அறைந்தான்’ என்று தெர்த்துல்லியன் கண்டித்தது இதையே. சிலுவையில் மரித்தவர் மனிதராகப் பிறந்த மகன். பிதாவை நோக்கி, மகன் வழியாக, ஆவியாரில் என்பது வழிபாட்டின் பழைய முறை. “பிதாவே, உம் மகனை எங்களுக்காகக் கொடுத்தீரே” என்று மாற்றினால் அந்த வாக்கியம் சரியாகிவிடும்.