வங்காளி யார், வங்கதேசத்தவர் யார்?

'பங்களாதேஷ்' என்ற பெயருக்குள் ஒரு மொழி இருக்கிறது. அந்த மக்கள் தங்கள் மொழியை 'பாங்லா' என்கிறார்கள். 'தேஷ்' நம்முடைய தேசம்தான். மொழியின் பெயரையே நாட்டுக்கு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

வேர்ச்சொல் 'வங்க'. அங்க, வங்க, கலிங்க என்று பழைய நூல்கள் அடுக்கும் நாடுகளில் ஒன்று. வங்கமொழியில் வகரம் பகரமாக ஒலிப்பதால் அங்கே அது 'பங்கோ' ஆயிற்று. நாம் வகரத்தை விடவில்லை. போளூருக்கு அருகே திருமலையில் உள்ள ராஜேந்திர சோழன் கல்வெட்டு 'தங்காத சாரல் வங்காள தேசமும்' என்கிறது. மழை ஓயாத நாடு! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் கல்லில் ஏறிய பெயர் இருக்க, நாளிதழ்கள் ஏன் 'பங்களாதேஷ்' என்று எழுதுகின்றன என்பது என் நெடுநாள் ஆதங்கம். வங்கதேசம் என்றாலே போதும்.

நாம் குடியிருக்கும் 'பங்களா'வும் இதே சொல்தான். வங்காளத்துப் பாணி வீட்டுக்கு வந்த பெயர், ஆங்கிலேயர் காலத்தில் ஊரெங்கும் பரவியது. சங்க இலக்கியத்து வங்கம் வேறு; அது மரக்கலம்.

'பாங்லா' என்ற இந்தச் சொல்லுக்காக உயிர் போயிருக்கிறது. இன்றைய வங்கதேசம் அன்று பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளிகளாக இருந்தும், 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா உருது மட்டுமே அரசமொழி என்றார். அதற்கு முந்தைய மாதமே கிழக்குப் பாகிஸ்தான் உறுப்பினர் தீரேந்திரநாத் தத்தா அரசியல் நிர்ணய சபையில் வங்கமொழிக்கு இடம் கேட்டிருந்தார், மறுக்கப்பட்டது. 1952 பிப்ரவரி 21 அன்று கூட்டம் கூடத் தடை இருந்தும் வங்கமொழிக்காகத் திரண்ட மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ரபீக், பர்கத், ஜப்பார், சலாம் என்ற பெயர்கள் அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். இன்றும் அந்த நாளின் விடியலில் பூக்களோடு, வெறுங்காலோடு அவர்களின் நினைவுச்சின்னமான ஷஹீத் மினாருக்கு நடக்கிறார்கள். ('ஷஹீத்' அரபுச் சொல், தமிழில் ஈகி.) 1956இல் வங்கமொழிக்கு அரசமொழித் தகுதி கிடைத்தது. 1969 டிசம்பரில் வங்காளிகளின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான், கிழக்குப் பாகிஸ்தானை இனி பங்களாதேஷ் என்றே அழைப்போம் என்று அறிவித்தார். 1971இல் அது நாடாயிற்று.

ஆனால் மொழியையே நாடாக்கியதில் விடுபட்டவர்களும் உண்டு. 1972இல் அரசியல் சட்டம் குடிமக்கள் அனைவரையும் வங்காளி என்றபோது, சிட்டகாங் மலைப்பகுதி உறுப்பினர் மானபேந்திர நாராயண் லார்மா எழுந்து, தான் சக்மா என்ற மலையினத்தவன், வங்காளி அல்ல என்று சொல்லி வெளியேறினார். ஒரு சொல்லைப் பொத்தாம்பொதுவாகப் போட்டால் யாருக்கு வலிக்கும் என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

ஆகவே வங்காளி என்றால் மொழியால். வங்கதேசத்தவர் என்றால் குடியுரிமையால். லார்மா வங்கதேசத்தவர், வங்காளி அல்லர். திருப்பூரில் பனியன் தைக்கும் முர்ஷிதாபாத் இளைஞர் வங்காளி, வங்கதேசத்தவர் அல்லர். பேச்சைக் கேட்டதுமே அவரைப் 'பங்களாதேஷ்காரன்' என்று சொல்வது தவறு. அவர் இந்தியர், மேற்கு வங்கத்துக்காரர்.