டிஸ்க்ரீட் மேத்ஸ் இல்லாமல் கோடிங்கா?

இந்த செமஸ்டரிலும் அதே கதைதான். லேப் தேர்வில் ஒரு மாணவனின் ப்ரோகிராம் பிழையில்லாமல் ஓடுகிறது. "தம்பி, லூப்புக்குள்ள இன்னொரு லூப் எதுக்கு?" என்று கேட்டால் பதில் இல்லை. சாட்ஜிபிடி எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். மூன்றாம் செமஸ்டர் டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸில் (தர்க்கம், எண்ணும் முறைகள், கிராஃப் எல்லாம் வரும் கணிதப் பாடம்) அரியர் வேறு. "வேலைக்கு கோடிங்தானே சார் முக்கியம்" என்கிறான்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் சிஎஸ்இ படிக்கும் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் கேட்பது இதைத்தான். கோடிங் மட்டும் போதும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஒரு பட்டியலில் 10 லட்சம் போன் எண்கள், இன்னொன்றிலும் 10 லட்சம். இரண்டிலும் இருப்பவை எவை? லூப்புக்குள் லூப் போட்டால், அதாவது முதல் பட்டியலின் ஒவ்வொரு எண்ணையும் இரண்டாவதின் எல்லா எண்களோடும் ஒப்பிட்டால், லட்சம் கோடி ஒப்பீடுகள் வரை போகும். வினாடிக்கு 10 கோடி ஒப்பீடு செய்கிற கணினிக்கும் இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி பைனரி சர்ச் (ஒவ்வொரு ஒப்பீட்டிலும் பாதிப் பட்டியலை ஒதுக்கித் தேடும் முறை) செய்யுங்கள். ஓர் எண்ணைத் தேட 20 ஒப்பீடு போதும், வேலை சில வினாடிகளில் முடிந்துவிடும். அதென்ன 20? 2-ஐ 20 முறை பெருக்கினால் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டு ப்ரோகிராமும் சரியான விடையே தரும். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் உங்களுக்குச் சம்பளம். அந்தக் கணக்கு டிஸ்க்ரீட் மேத்ஸின் இரண்டாவது யூனிட்டில், ரிக்கரன்ஸ் ரிலேஷனில் (ஒரு கணக்கின் விடையை அதே கணக்கின் சிறிய வடிவத்தை வைத்துச் சொல்லும் சமன்பாடு) இருக்கிறது. சாய்ஸில் விடலாம் என்று நீங்கள் தள்ளிவைக்கும் அதே யூனிட். மூன்றாவது யூனிட்டின் கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) தெரியாமல் நான்காம் செமஸ்டர் அல்காரிதம்ஸில் என்ன செய்வீர்கள்?

ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடிக்காதீர்கள். ஏஐயிடம் கேட்பதற்கு முன் அரை மணி நேரமாவது பேப்பரில் எழுதிப் பாருங்கள். அது தந்த கோடில் ஒரு வரியை அழித்துவிட்டு, என்ன ஆகும் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள். பெரிய மார்க் கேள்விகளை மட்டும் பொறுக்கிப் படிப்பதை இன்றே விடுங்கள். நிலுவையில் அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வுக்கே உட்கார விடாது, இது உங்களுக்கும் தெரியும்.

பெற்றோர்களே, "லேப்டாப் வாங்கிக் கொடுத்தாச்சு" என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த வாரம் எழுதிய ப்ரோகிராம் என்ன செய்கிறது என்று சும்மா கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் திணறினால், திட்ட வேண்டாம். எங்களிடம் அனுப்புங்கள், முதல் யூனிட்டிலிருந்து நாங்கள் சொல்லித் தருகிறோம்.